நூற்றுத் தொண்ணூறு வோல்ட்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
விலைகளைப் பென்சிலால்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
டொலர் அசைந்தால் அழிறப்பர் அசையும்.
சனிக்கிழமை எழுபத்தொன்பதாயிரமாய் இருந்த புரொசசர்
திங்கட்கிழமை எண்பத்துமூன்று.
அதே ஆறு கோர்தான். பெட்டியும் உடைக்கவில்லை.

என்னிடம் ஒரு கொப்பி.
லீசிங் கொம்பனியில் ஊராரின் ஓட்டோக் கடன்களைக்
கூட்டிக் கழிக்கிற கொப்பி.
அதன் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்:
பதினாலு மாதச் சீட்டுக்காசு,
ஒரு போனஸ்,
ஸ்கூட்டி விற்றதில் மிஞ்சியது.
மூன்று லட்சம். கோடு கீறியாயிற்று.

"தம்பிக்கோ அக்கா?" என்றான் கடைப் பெடியன் அருட்குமரன்.
எனக்கு.
"எடிட்டிங் செய்யவோ?"
விளையாட.
பென்சிலைக் காதில் செருகினான்.
அதற்குப் பிறகுதான்
உண்மை விலை சொல்லத் தொடங்கினான்.

கொண்டாவிலில் ஒருவர் பாவித்த கார்ட் விற்றார்,
பன்னிரண்டு ஜிபி, பாதி விலை.
"மகன் படிக்கிறதுக்கு மட்டும்தான் பாவிச்சவன்."
படித்த கார்டின் மூன்று விசிறியும் கொரகொரத்தன.
பின்தகட்டில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது.
எத்தனை இரவு பகலாய் நாணயம் தோண்டியதோ.
அந்த மகன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்,
என்னையல்ல,
கார்டை.
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கேஸ் தெரிய ஒரு கிழமை போயிற்று.
கண்ணாடி முகம் வடிவு, ஆனால் மூச்சு முட்டும்.
வலை முகம் காற்றை விடும்,
காற்றோடு இணுவில் செம்மண்ணையும் விடும்.
வலையை எடுத்தேன்.
எங்கள் வீட்டில் மேசை, யன்னல், வெள்ளைச் சட்டை
எல்லாம் சிவக்கிறதுதானே.
கலர் லைற் வேண்டாம்.
அந்த நாலாயிரத்தில்
ஒற்றை றாம் இரட்டையாகும்.

மட்டக்களப்பிலிருந்து றொஷாந்தி வொய்ஸ் அனுப்பினாள்.
ஐந்து வருடமாய் ஃபோனில் ஒரே அணி, இன்னும் நேரில் கண்டதில்லை.
"பெரிய கார்டா எடு. பவர் சப்ளையை ஆர் பாக்கிற?"

ஒருவரும் பார்ப்பதில்லை.
ஆனால் எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஐந்து மணிக்கு
வாழைக்கும் புகையிலைக்குமாய்
ஏழு பம்புகள் ஒன்றாய் எழும்பும்.
குழல்விளக்குக் கண்ணடிக்கும்,
பிரிட்ஜ் ஒருமுறை முனகிவிட்டு அடங்கும்.
நாலு பின்னேரம் மல்டிமீற்றர் சொருகிப் பார்த்தேன்.
இருநூற்றைந்து.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நூற்றுத் தொண்ணூறு.
நாலாம் நாள் மழை: இருநூற்றிருபத்தெட்டு.
நான் பார்த்த நூறு பரிசோதனை வீடியோவில் ஒன்றில்கூட
யாரும் வாழைக்குத் தண்ணி விடவில்லை.

கார்டில் ஒரு படி இறங்கினேன்.
மிஞ்சியதைக் கொண்டுபோய்
அறுநூற்றைம்பது வாட்ஸ், கறுப்பு, பாரம்,
அடியில் ஒளிந்துகொள்ளும் அந்தப் பெட்டியில் போட்டேன்.
றொஷாந்தி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

மதர்போட் கொழும்பு பஸ்ஸில் வந்தது.
கொண்டக்ரர் அதன்மேல் இரண்டு கேக் பெட்டி அடுக்கியிருந்தார்.

ஞாயிறு, சீமெந்துத் தரை.
யன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு
உடம்பின் கரண்டை இறக்கினேன்.
புரொசசர் நெம்பை அமத்தும்போது
நெரிகிற ஒரு சத்தம் வரும்,
வரத்தான் வேண்டும் என்று படித்திருந்தும்
கண்ணை மூடினேன்.

சுவிட்ச்.
விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
பத்து நிமிடம், இருபது நிமிடம்.
அம்மா கதவடியில் நின்று பார்த்தா.
"மூண்டு லட்சம் நல்லாச் சுத்துது" என்றா.

திரும்ப எல்லாம் கழற்றினேன்.
ஒரு றாம் அரைக் கடுகளவு தூக்கி நின்றது.
கட்டைவிரலால் அமத்த
டிக்.

திரை வந்தது.
அதன் கணக்கில் அன்றைக்கு ஏதோ ஒரு வருடத்து
ஜனவரி முதலாம் திகதி, நடுச்சாமம்.
சரியான திகதியைக் குடுத்தேன்,
நேரம்: 4.57.

மூன்று நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

பம்புகள் எழும்பின.
குழல்விளக்கு சுருங்கியது,
மேல்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது,
பிரிட்ஜ் முனகியது.
திரை அப்படியே நின்றது.
அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"என்னத்தைப் பாக்கிறது?" என்றா.
ஒன்றும் நடக்கவில்லை அம்மா, அதைத்தான்.

இரவு பத்தரைக்கு றொஷாந்தி:
"வந்திட்டியா?"
தொண்ணூறு ஜிபி விளையாட்டு
ரெலிக்கொம் வயரில் ஊர்ந்துகொண்டிருந்தது.
வாறன், என்று எழுதினேன்.
பதினொரு வீதம் வந்திட்டன்.